கருவடிக்குப்பத்துச் சமாதியும் கொடுமுடிக் குரலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் அடங்கிய கருவடிக்குப்பத்தில் தமிழ்க் கவிதையோடு தொடர்புடைய இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, பாரதியார் உலவிய குயில்தோப்பு எனப் போற்றப்படும் இடம். மற்றொன்று, தவத்திரு சங்கரதாசு சுவாமிகளின் சமாதி. முன்னதைக் கவிஞர்கள் நன்கு அறிவர். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை அழைத்துச் சென்று காட்டுவர். பின்னதை நாடகக் கலைஞர்கள் அறிவர். ஆண்டுதோறும் அங்கே கூடி மலர் தூவித் தம் ஆசானை வணங்குவர். ஒரே ஊரில் இருந்தும் இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் சந்திப்பது அரிது. ஒரு பாடகியின் வாழ்க்கை வரலாறு இவ்விரு இடங்களுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டக்கூடும். அந்தப் பாடகி கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள்.

பாரதியார் புதுவைக்கு வந்த 1908-ஆம் ஆண்டிலேயே, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பாலாம்பாள். வறுமை மிக்க குடும்பம். இரயில் வண்டிகளில் பாடிப் பொருள் பெற்று வீட்டைக் காத்த சிறுமியின் குரல், இரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப். ஜி. நடேச ஐயரின் செவியில் விழுந்தது என்பது பரவலாக வழங்கும் செய்தி. பின்னர் வேலு நாயர் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையின் வேடம் முதலில் வாய்த்தது. பசியை அறிந்த குழந்தை பசியைப் பாடிற்று. அரங்கம் கலங்கியதில் வியப்பில்லை.

அந்நாளைய நாடக மேடையைச் சற்றே மனக்கண் முன் கொணர்தல் வேண்டும். ஒலிபெருக்கி வராத காலம். கீற்றுக் கொட்டகை, எரிவாயு விளக்கு, ஆயிரக்கணக்கில் மக்கள். கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். சேராவிட்டால் அவன் எழுந்து நின்று கூச்சலிடுவான். ஆர்மோனியக்காரர் மேடையின் பக்கத்தில் அமர்ந்து சுருதியைப் பிடித்திருப்பார். ராஜபார்ட் நடிகரும் ஸ்திரீபார்ட் நடிகையும் அதே சுருதியில் பாடித் தீர வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியற்காலையில் முடியும். குரல் மென்மையாக இருந்தால் போதாது. அது உழைக்கும் குரலாக இருத்தல் வேண்டும்.

இதிலும் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை தனித்தன்மை வாய்ந்தது. நிலையான குழு கிடையாது. நடிகர்களை ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே பேசி அமர்த்துவர். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராதவர்கள் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பர். 'வள்ளி திருமண'த்தில் வள்ளியும் நாரதரும் தருக்கமிடுவர். வேடனாக வந்த முருகன் வள்ளியை மறிப்பான். யார் எப்பாட்டை எடுத்தாலும் மற்றவர் ஈடுகொடுக்க வேண்டும். முன்பின் அறியாதவர்கள் இவ்வாறு சேர்ந்து ஆடுவதற்கு ஒரு பொதுவான பாடம் தேவைப்பட்டது. அந்தப் பாடத்தை எழுதிக் கொடுத்தவர்தாம் இன்று கருவடிக்குப்பத்தில் துயில்கிறார்.

சங்கரதாசு சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். தம் இருபத்து நான்காம் வயதில் நாடகத் துறைக்கு வந்து, நடிகராகவும் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். வெண்பா, கலித்துறை, விருத்தம், சந்தம், சிந்து ஆகிய யாப்பு வடிவங்கள் அனைத்தையும் மேடைக்குக் கொணர்ந்தார். எழுத்தறியாத உழவனும் நெசவாளியும் விருத்தத்தின் இறுதியடி எங்கே விழும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து தலையாட்டினர் என்றால், அவர்களுக்கு யாப்புக் கற்பித்த பள்ளிக்கூடம் நாடகக் கொட்டகையே ஆகும். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தோற்றுவித்தார். இப்பிற்சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றனர். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஓர் இரவில் எழுதி முடித்த அவரது ஆற்றலை அவ்வை டி. கே. சண்முகம் தம் நூலில் பதிவு செய்துள்ளார். இறுதிக் காலத்தில் வாத நோயால் சுவாமிகளின் நாவும் கைகால்களும் தளர்ந்தன. நாடகக் குழு புதுவையில் முகாமிட்டிருந்தபோது, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அவர் மறைந்தார். சொல்லை வாழ்நாள் முழுதும் பிறர் வாயில் ஊட்டியவர் தம் வாய்ச்சொல்லை இழந்த நிலையில் இம்மண்ணில் அடங்கினார்.

சுவாமிகள் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது பதினான்கு. அவருக்குச் சுவாமிகளின் கல்வி மற்றொருவர் வழியாக வந்து சேர்ந்தது. அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்த கிட்டப்பா, சிறு வயதிலேயே உடன்பிறந்தாரோடு சுவாமிகளிடம் பயின்று, பின்னர் கன்னையாவின் நாடகக் குழுவில் புகழ்பெற்றவர். மேல் தாயியில் நின்று அவர் குரல் சுழலும்போது இசைவாணர்களும் கொட்டகைக்கு வந்து கேட்டனர். 1926-ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு நாடகமாடச் சென்றிருந்த சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் கொழும்பில் ஒரே மேடையில் ஏறினர். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. மேடையில் தொடங்கிய அன்பு 1927-இல் மணமாயிற்று. கிட்டப்பா அதற்கு முன்பே மணமானவர். அந்த மணவாழ்க்கையில் பிரிவும் ஊடலும் மிகுதி. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து.

அதன்பின் அவர் வெள்ளாடை புனைந்தார், அணிகளைத் துறந்தார், ஆண் நடிகரோடு இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். சில காலம் மேடையையே விட்டிருந்தவர், நந்தனாராக மீண்டும் மேடையேறினார். 1935-இல் 'பக்த நந்தனார்' திரைப்படத்திலும் அவ்வேடத்தையே ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சங்கீத மேடையின் பெருவித்துவானும் நாடக மேடையின் பெண்மணியும் ஒரு படத்தில் எதிரெதிர் நின்றனர். வித்துவான் ஆண்டையாகவும் நாடகக்காரி பண்ணையாளாகவும் வேடமிட்டனர். ஊதியமும் பெயரும் பண்ணையாள் பக்கமே மிகுந்திருந்தன. கல்கி அப்படத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். படத்தைச் சாடலாம், குரலைச் சாட எவர்க்கும் இயலவில்லை.

இவ்விடத்தில் கவிஞர்கள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுந்தராம்பாள் பின்னர் ஏற்ற முதன்மை வேடங்களை வரிசைப்படுத்தினால், நந்தனாரை அடுத்து, 1940-இல் மணிமேகலை. 1953-இல் ஜெமினியின் தயாரிப்பில், கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஔவையார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். 1973-இல் முதுமையுற்ற காரைக்கால் அம்மையார். துறவியர், மூதாட்டியர், பேயுருக் கொண்ட அடியார் ஆகியோரன்றிப் பிறர் இல்லை. இவர்களுள் ஔவையும் அம்மையும் புலவர்கள். இளமையைத் தானே வேண்டிக் களைந்து முதியவளான பின்னரே ஔவை ஊர் ஊராக நடக்கவும் அரசவையில் பேசவும் கதை இடம் தருகிறது. இதே புதுவை மாநிலத்தின் காரைக்காலில் பிறந்த புனிதவதியும் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் பெற்ற பின்னரே பாடுகிறார். பெண்ணின் குரலைப் பொதுவில் கேட்கத் தமிழ்ச் சமுதாயம் இசைந்தது உண்மை. அதற்கு ஈடாக அவளது இளமையை அது கேட்டு வாங்கிக்கொண்டதும் உண்மை.

நாடகக்காரியை மதிக்காத காலம் அது. இருபது வயதில் வள்ளியாகத் தினைப்புனத்தில் நின்று காதலைப் பாடியபோது மக்கள் பெருந்திரளாக வந்து கேட்டனர்; ஆனால் தம் வீட்டுப் பெண்களுக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெள்ளாடையும் திருநீறும் பூண்டு ஔவையாக வந்தபோது அதே மக்கள் கைகூப்பினர். குரல் ஒன்றே. சொல்லின் தெளிவும் மூச்சின் நீளமும் மாறவில்லை. கேட்டவர்களின் பார்வைதான் மாறிற்று. அவருடைய துறவு அவரது சொந்த முடிவு. அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும், இருபத்தைந்தாம் வயதில் ஒரு மாபெரும் பாடகி காதற்பாட்டை இனிப் பாடுவதில்லை என்று நிறுத்திக்கொண்டபோது தமிழ் இசைக்கு நேர்ந்த இழப்பை அளந்து பார்த்தவர் சிலரே. அகத்திணையை உலகுக்கு வழங்கியதாகப் பெருமை கொள்ளும் மொழியில், அகத்தைப் பாடத்தக்க குரல் ஒன்று வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திக்கே ஒப்படைத்தது.

பொதுவாழ்விலும் அவர் குரல் பணி செய்தது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்களைப் பாடினார். 1937 தேர்தலில் அவரது பிரசாரத்தைக் கேட்கத் திரண்ட கூட்டம் பெரிது. 1950-களில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். திரைக் கலைஞர்களுள் சட்டமன்றம் புகுந்தவர்களில் அவரே முன்னோடி. இரயிலில் பாடிய சிறுமி சட்டமியற்றும் அவையில் அமர்ந்தார் என்பது குடியாட்சியின் பெருமைக்குரிய பக்கங்களுள் ஒன்று. 'துணைவன்' படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970-இல் பத்மசிறீ விருதும் அவரை வந்தடைந்தன. 1980-இல் அவர் மறைந்தார்.

தமிழிசை இயக்கத்தின் வரலாறு எழுதுவோர் 1940-களின் தொடக்கத்தில் அண்ணாமலை அரசரின் முயற்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியதும் அரும்பெரும் நிகழ்வே. ஆயினும், கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று அறிஞர்கள் வாதாடியதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, நாடக மேடை இரவு முழுதும் தமிழிலேயே பாடிக்கொண்டிருந்தது. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அங்கே தமிழுக்கு இடம் கேட்கவில்லை. இடம் முழுவதும் தமிழாகவே இருந்தது. கொட்டகைக்கு வந்த எளிய மக்கள் காசு கொடுத்துக் காத்த தமிழிசையை அறிஞர் உலகம் கணக்கில் சேர்க்க மறந்தது.

பிறநாட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இம்மறதியின் அளவு விளங்கும். இலண்டன் நகரில் இசை நாடகம் பெருந்தொழிலாக நடைபெறுகிறது. 1978-இல் 'எவீடா' நாடகத்தில் தலைமை வேடமேற்ற எலைன் பேஜ் அந்நாட்டு இசை நாடகப் பாடகியருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அந்நாடகத்தில் அவர் பாடிய ஒவ்வொரு பாட்டுக்கும் சொல் எழுதியவர் டிம் ரைஸ் என்பதும், இசை அமைத்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் என்பதும் அந்நாட்டு இரசிகர் அறிந்தவை. பாட்டு எந்நாட்டில் எவரால் பாடப்பெற்றாலும் எழுதியவர் பெயரும் உரிமையும் உடன்செல்லும். அங்கே சுரமும் சொல்லும் அச்சில் நிலைபெற்றவை. பாடகி அவற்றுக்கு உயிர் கொடுப்பவர். தமிழ் மேடையிலோ சொல் மட்டுமே ஓரளவு நிலையானது. எந்த வரியில் நிற்பது, எச்சொல்லைத் திருப்பிப் பாடுவது, எங்கே விருத்தத்தை விரிப்பது என்பனவெல்லாம் அன்றிரவின் கூட்டத்தைப் பார்த்து நடிகர் எடுக்கும் முடிவு. ஆகவே பாடுபவர் பாதிப் புலவராகிறார். எழுதியவரோ பாட்டுக்குள் கரைந்து பெயரிழக்கிறார். எழுதியவர்க்கு உரிமைத் தொகை இல்லை. பெயரும் பல நேரம் இல்லை. சுவாமிகளின் நாடகங்கள் தமிழகமெங்கும் பொதுச்சொத்தாக ஆடப்பெற்றன; நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அவற்றால் வயிறு வளர்த்தன. அவருக்கென எஞ்சியது இக்கருவடிக்குப்பத்து நிலத்துண்டு.

ஞானப்பழத்தின் பெயரால் முருகனோடு ஊடியும் வாழ்த்தியும் பாடும் பாட்டொன்று சுந்தராம்பாளின் குரலில் இன்றும் தைப்பூச நாளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிக்கிறது. அது சுவாமிகள் இயற்றியதாக வழங்குவது. பழக்கடையில் நிற்பவரும் பேருந்து ஓட்டுநரும் அதன் முதலடியைத் தொடங்கினால் முடிவுவரை பாடிவிடுவர். அவர்களிடம் அதனை எழுதியவர் யாரெனக் கேட்டால் 'கே. பி. எஸ். பாட்டு' என்பர். இவ்விடை பிழை என்று கவிஞர்கள் வருந்தலாம். மாறாக, எழுதியவன் பெயர் உதிர்ந்தபின்பும் எழுத்து நிற்கிறதே என்று மகிழவும் செய்யலாம். அச்சேறிய கவிதை நூல்களுள் எத்தனை நூல்களின் ஓரடியையேனும் பழக்கடைக்காரர் அறிவார்?

இக்கேள்வி இவ்வவையில் எழுவது பொருத்தமானதே. புதுக்கவிதை பார்வைக்குரியதாக வளர்ந்தது. அது மௌனமாகப் படிக்கப்படுவது. தாளில் வரி முறியும் இடத்தில் பொருள் பிறப்பது. அதன் வெற்றிகள் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் அதே காலத்தில், குரலுக்கு எழுதும் கலை திரைப்படத்துக்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்டது; நாடகப் பாட்டு இலக்கிய வரலாற்றின் அடிக்குறிப்பாயிற்று. புதுவை மண்ணின் பாவேந்தர் பாரதிதாசன் இவ்வேறுபாட்டை ஏற்றவர் அல்லர். 1934-இல் மேடையேறிய 'இரணியன்' நாடகத்தை எழுதியவரும், திரைப்படத்துக்குப் பாட்டெழுதியவரும், 'குடும்ப விளக்கு' தந்தவரும் ஒருவரே. நாவில் நிற்கும் சொல்லும் ஏட்டில் நிற்கும் சொல்லும் அவரிடம் ஒரே உலையில் காய்ச்சப்பட்டன.

பாடகியின் குரலுக்கு எழுதுபவர் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பங்களைச் சுந்தராம்பாளின் இசைத்தட்டுகளே கற்பிக்கும். நெடில் எழுத்தில் அவர் நிற்கிறார். குறிலைக் கடந்து செல்கிறார். வல்லினத்தை அடித்துச் சொல்கிறார்; அதனால் கடைசி வரிசைக்கும் சொல் உடையாமல் போகிறது. ழகரமும் றகரமும் அவர் வாயில் தேய்வதில்லை. அடியின் இறுதியில் திறந்த உயிரோசை அமைந்திருந்தால் குரல் விரிகிறது. ஒற்றில் முடிந்தால் அங்கே நடிப்பு நுழைகிறது. இவை இலக்கண நூலில் எழுத்தியலாகக் கிடப்பவை. கொட்டகையில் அவை உயிர்பெற்று நடமாடின. சுவாமிகள் இதனை அறிந்தே எழுதினார். சுந்தராம்பாள் இதனை அறிந்தே பாடினார். இடையில் நின்று இருவரையும் இணைத்த கிட்டப்பா, ஆசானுக்குப் பின் பதினோராண்டுகளே வாழ்ந்தார்.

இவ்வட்டம் பத்தாண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில் கவிஞர்களுக்கு முன்வைக்கத்தக்க வேண்டுகோள் எளியதே. வரும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்தில் ஒன்று சேரும்போது, கவிஞர்களும் அங்கே செல்லலாம். ஆர்மோனியப் பெட்டியோடு வந்திருக்கும் முதிய நடிகர் ஒருவரிடம் தம் கவிதையொன்றைக் கொடுத்து, இதனைப் பாட முடியுமா என்று கேட்கலாம். அவர் எந்த வரியில் திணறுகிறார், எந்த வரியில் கண்மூடி நிற்கிறார் என்பதைப் பார்க்கலாம். பாடும் பெண்கள் இருப்பின், ஔவையின் முதுமையை எதிர்பாராமல், வள்ளியின் வயதிலேயே அவர்கள் பாடத்தக்க பாட்டையும் எழுதித் தரலாம். காதலைப் பாடிவிட்டு மதிப்போடு வீடு திரும்பும் உரிமை, சுந்தராம்பாளுக்குத் தம் இளமையில் கிட்டாத ஒன்று. அதை அவர்க்குப் பின்வரும் பாடகியர்க்கு வழங்குவதில் கவிஞர்க்கும் பங்குண்டு.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய பழைய இசைத்தட்டுகளில் ஊசியின் கீறலோசை மிகுதி. அக்கீறலைப் பொறுத்துக்கொண்டு சற்றுக் கேட்டால், ஔவைக்கும் கவுந்திக்கும் முன்பிருந்த ஓர் இளம்பெண்ணின் குரல் தெளிவாக வெளிப்படும். அக்குரல் பாடப் பயின்ற வள்ளியின் சொற்களை எழுதியவர், இக்கூட்டம் நடைபெறும் இடத்திலிருந்து சிறிது தொலைவிலேயே உறங்குகிறார்.